இரண்டு பக்கமும் சுற்றும் இன்ஜின்

ஊதுவிளக்கின் பம்பை இருபத்தெட்டு முறை அடிக்க வேண்டும். இருபத்தைந்தோடு நிறுத்தினால் சுடர் மஞ்சளாக எரிந்து புகையும். முப்பதைத் தாண்டினால் சீறி அணைந்துவிடும். அவள் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே அடித்தாள். விளக்கின் திருகைத் தொட்டு உணர வேண்டும் என்பதால் கையுறையின் விரல் நுனிகளைக் கத்தரித்து எடுத்திருந்தாள். சுடர் நீலமாகி உறுமத் தொடங்கியதும் விளக்கைத் தூக்கி டிராக்டரின் முன்பக்கத் தாங்கியில் மாட்டினாள். சுடர் நேராக மூக்கில் பட்டது.

மூக்கு என்று அவர்கள் சொன்னது இன்ஜினின் தலையிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குமிழை. அந்தப் பழைய டீசல் டிராக்டருக்குச் சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. குமிழ் மங்கலான சிவப்புக்கு வந்தால்தான் உள்ளே தெளிக்கும் டீசல் பற்றிக்கொள்ளும். குளிர் தொடங்கும் நாட்களில் அதற்கு எட்டு நிமிஷம். வாசல் வாளியில் இருக்கும் தண்ணீர் கல்லாகிவிடும் இந்தக் குளிரில் இருபது.

அந்த இருபது நிமிஷமும் சும்மா நிற்பதற்கில்லை. முந்தின நாள் சாயங்காலம் ரேடியேட்டரில் இருந்த தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டிருப்பாள். வடிக்க மறந்தால் ராத்திரி அது உறைந்து இரும்பையே பிளந்துவிடும். இப்போது சமையலறையிலிருந்து இரண்டு கேன் வெந்நீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் வெடிப்பு விடும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றினாள். அடுப்பு மேல் வைத்துச் சூடேற்றிய ஆயிலை ஊற்றி, சின்னக் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றி உள்ளே அனுப்பினாள். டீசல் குளிரில் மெழுகாகிவிடும். அதற்குக் கால் பங்கு மண்ணெண்ணெய் கலந்து, டாங்கியைக் கணவரின் பழைய கம்பளியால் சுற்றி வைத்திருந்தாள்.

இரண்டாவது கேனை வைத்துவிட்டு அவள் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டாள். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. மூன்று பிரசவம், அதில் நடுவில் உள்ளதை ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அதற்கு மேல் ஆறு குளிர்காலம் இந்த இரும்பை ஆட்டியது. சுகாதார நிலையத்தில் ஒரு ரப்பர் வளையம் வைத்து அனுப்பியிருந்தார்கள். உட்கார்ந்து பூப் பின்னுகிறவர்களுக்கு அந்த வளையம் நிற்கும். இவளுக்கு வாரத்தில் இரண்டு முறை நழுவியது. ஐம்பத்து மூன்று வயதில் சிறுநீர் நிற்காமல் நாள் முழுக்க ஈரத்துணி கட்டிக்கொண்டு திரிந்தாள், உரசி உரசிப் புண்ணும் வந்திருந்தது. அதைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது.

குமிழ் சிவந்ததும் எழுந்து வீட்டுக்குள் போனாள். கொட்டகைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். கட்டிலுக்கு மேலே ஆணியில் டிராக்டரின் ஸ்டியரிங் மாட்டியிருந்தது.

"எத்தனை நிமிஷம்?" என்றார் கட்டிலில் கிடந்த கணவர். பக்கவாதத்தில் இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்ட மனிதர். நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

"இருபது."

"சத்தம் பதினெட்டுலயே மாறிடுச்சு. ரெண்டு நிமிஷம் வீணா எரிச்சிருக்கே."

"வந்து பாத்து அணைச்சிருக்கலாமே."

"நக்கலு. எடுத்துட்டுப் போ. சாயங்காலம் இங்கயே மாட்டணும்."

ஆறு வருஷமாகக் குளிர்காலம் முழுக்கத் தினமும் அவர் இதைச் சொல்கிறார். ஆறு வருஷமாக அவள் மாட்டாமல் விட்டதில்லை.

இந்த டிராக்டரில் ஸ்டியரிங்தான் ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியும். தண்டோடு கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் கனத்த ஃப்ளைவீலின் நடுவில் சொருக வேண்டும். சுற்றக் கூடாது, ஆட்ட வேண்டும். முன்னே, பின்னே, முன்னே, பின்னே, தொட்டிலை ஆட்டுவது போல, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு. பற்றிக்கொண்ட நொடியில் வெளியே உருவிவிட வேண்டும். உருவாவிட்டால் கை போய்விடும். அதனால்தான் ஊரில் அவளுக்கு ஸ்டியரிங் அக்கா என்று பெயர். டிராக்டருக்குப் பெயர் மாமனார். இத்தனை உபசாரம் செய்தால்தான் எழுந்திருப்பார் என்பதால்.

ஐந்தாவது ஆட்டத்தில் மாமனார் தும்மினார். தொம். தொம். தொம். அவள் ஸ்டியரிங்கை உருவிக்கொண்டு முதல் வேலையாக ஃப்ளைவீலைப் பார்த்தாள். மேல்விளிம்பு மூக்கை நோக்கிச் சுற்றியது. சரி. ஸ்டியரிங்கை அதன் இடத்தில் பொருத்திவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

குளிர்காலம் நான்கு மாதமும் அந்த மேட்டுக் குடியிருப்பின் குழாய்கள் உறைந்துவிடும். கீழே பள்ளத்தில் இருக்கும் ஊற்று மட்டும் உறையாது. அங்கிருந்து மூவாயிரம் லிட்டர் டாங்கியை இழுத்துக்கொண்டு அறுபத்திரண்டு வீட்டுக்கும் தண்ணீர் கொடுப்பது டிராக்டரின் வேலை. பனிச்சரிவில் புது வண்டிகள் வழுக்கின. மாமனார் கனத்த கனத்துக்கு வழுக்கவே மாட்டார். டிராக்டர் தண்ணீர்ச் சங்கத்துடையது. கொட்டகையோடு ஒட்டிய வீடும் சங்கத்துடையதே. ஸ்டார்ட் செய்கிறவருக்கு வீடு என்பது சங்கத்தின் பழைய ஏற்பாடு. கணவர் இருபத்தைந்து வருஷம் ஸ்டார்ட் செய்தார். அவர் விழுந்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் அவரை விட்டுவிட்டு வந்து, அவள் ஸ்டார்ட் செய்தாள். அதனால் வீடு நின்றது. நின்ற வீட்டுக்குள் அவளும் நின்றுவிட்டாள்.

ஆறு வருஷத்தில் அவள் அந்த மேட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. கோடையில் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கோடையில் டிராக்டர் தூங்கும், கணவர் தூங்க மாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். பிள்ளைகள் மூன்று பேரும் வெளியூரில். வருஷத்துக்கு ஒரு முறை வந்து மாமனாரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி இரண்டு முறை தேதி கொடுத்தது. இரண்டும் குளிர்காலத்தில். இரண்டு தடவையும் கணவர், "குளிர் போகட்டும்" என்றார். இரண்டு தடவையும் அவள் போன் செய்து ரத்து செய்தாள். இப்போது மூன்றாவது தேதி வந்திருந்தது. வரும் வியாழன்.

"இந்தத் தடவையும் வரலைன்னா உங்க பேரு லிஸ்ட்டோட அடிக்குப் போயிடும்மா" என்று வார்டு நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். "லிஸ்ட் இப்ப பதினாலு மாசம். நீங்க சொல்ற புண்ணு பதினாலு மாசம் காத்திருக்காது. முடிஞ்சதும் ஆறு வாரத்துக்கு ஒரு கெட்டில் தண்ணிக்கு மேல தூக்கக் கூடாது. வீட்டுல உதவிக்கு யாரு இருக்கா?"

"பாக்கறேன்" என்று அவள் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்ச் சுற்று முடித்து வந்து, கணவருக்கு முதுகு துடைத்துக்கொண்டே சொன்னாள். அவர் குப்புறக் கிடக்கும்போது பேசுவது அவளுக்குச் சுலபம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"வியாழக்கிழமை நான் போறேன். உங்க தம்பியை வரச் சொல்லிட்டேன்."

அவர் தலையணையில் கன்னத்தைத் திருப்பினார்.

"லாரிக்காரனையா? அவனுக்கு மாமனாரைப் பத்தி என்ன தெரியும்?"

"சொல்லிக் கொடுத்தா தெரியும்."

"சொல்லிக் கொடுத்தா இந்த வீடு அவனுக்கு. பொண்டாட்டி போனதுலேர்ந்து மகன் வீட்டு சோபாவுல படுத்துக் கிடக்கிறான். கூரையைக் கண்டா விடுவானா?"

"எனக்குப் புண்ணாயிடுச்சு. உக்கார முடியலை."

"குளிர் போகட்டும்னுதானே சொல்றேன்."

"குளிர் வருஷா வருஷம் வருது."

அவள் துணியைப் பிழிந்தாள். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். படுத்தே கிடப்பவருக்கு யோசிக்க நேரம் நிறைய. பிறகு இளகிய குரலில், "சரி, போ" என்றார். "எல்லாத்தையும் சொல்லிக் கொடு. விளக்கு, ஆயிலு, ஆட்டறது, எல்லாம். திரும்பறதை மட்டும் சொல்லாதே."

அவளுக்குப் புரிந்தது. இந்த இன்ஜினின் ரகசியம் அது ஒன்றுதான். அதற்கு இரண்டு பக்கமும் சுற்றத் தெரியும். ஆட்டும்போது எந்தப் பக்கத்து ஆட்டத்தில் பற்றுகிறதோ அந்தப் பக்கம் ஓடத் தொடங்கிவிடும். பத்து நாளில் ஒரு நாள், மூக்கு கொஞ்சம் அதிகமாகச் சூடேறிய நாளில், பின்பக்கமாகப் பற்றும். சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. ஃப்ளைவீலைப் பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் முதல் கியரைப் போட்டால் வண்டி முன்னே போகாமல் பின்னே பாயும். பார்த்தால் பயமில்லை. டீசலைக் குறைத்து, இன்ஜின் சாகப்போகும் கடைசித் தள்ளாட்டத்தில் ஒரு மிடறு டீசலைக் கொடுத்தால் தானே திரும்பிச் சரியான பக்கம் ஓடும். அவ்வளவுதான்.

நான்கு வருஷம் முன்பு சங்கம், அவளுக்குப் பதில் ஸ்டார்ட் செய்ய, டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தது. அவன் கியரைப் போட்டதும் மாமனார் பின்னால் பாய்ந்து கொட்டகைக் கதவைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தார். மெக்கானிக் பெட்டியைக் கூட எடுக்காமல் போய்விட்டான். வண்டி அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் பணியும் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்து அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, வாய் கோணிய பின் அவர் சிரித்த முதல் சிரிப்பு.

"அவனால முடியலைன்னா உன்னைத் தேடுவாங்க. தேடற வரைக்கும் நமக்கு வீடு" என்றார் கணவர்.

அவள் சரி என்றாள். மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பத்து நாளில் ஒரு நாள்தானே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து, கட்டிலில் படுத்து, இனி யாரும் திரும்பக் கூப்பிட முடியாது என்றான பிறகு, கொழுந்தனுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். கணவருக்கும் வாக்குக் கொடுத்த மாதிரி, ஊருக்கும் தண்ணீர் கிடைத்த மாதிரி. கொள்ளிக்கட்டையின் இரண்டு முனையிலும் நெருப்பிருக்க நடுவில் மாட்டிய எறும்பு இப்படித்தான் கணக்குப் போடும்.

கொழுந்தன் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். ஐம்பது வயது. தொப்பை, தோல் ஜாக்கெட், இரண்டு பை நிறைய மாத்திரை.

"அண்ணி, முப்பது வருஷம் பதினாறு சக்கரத்தை உருட்டியவன் நான். இந்தத் தகரடப்பாவுக்கு ரெண்டு நாள் பாடமா?"

"பதினாறு சக்கரமும் சாவி போட்டா ஓடும் தம்பி. இதுக்கு நீதான் சாவி. ஜாக்கெட்டைக் கழட்டு."

ஊதுவிளக்கை அவன் பதினைந்து அடி அடித்துவிட்டு மூச்சு வாங்கினான். ஆயில் கைப்பிடியை முப்பதோடு நிறுத்திவிட்டு நாற்பது என்றான். அவள் சுவரோரம் நின்று எண்ணியிருந்தாள். "இன்னும் பத்து" என்றாள்.

"மாமியார் தோத்தா உங்ககிட்ட."

"மாமனாரே தோத்தாரு. ஆட்டு."

ஆட்டினான். இரண்டு நாளில் பழகியும் விட்டான், ஒத்துக்கொள்ள வேண்டும். திங்களும் செவ்வாயும் மாமனார் சரியான பக்கமே பற்றினார். கொழுந்தன் உருவிய ஸ்டியரிங்கைத் தலைக்கு மேலே தூக்கி ஊருக்குக் காட்டினான். ஒவ்வொரு முறையும் அவள் கண் ஃப்ளைவீலுக்குப் போய்த் திரும்பியது. அவன் ஒரு முறை கேட்டான், "என்ன அண்ணி பாக்கறீங்க?"

"ஆயில் ஒழுகுதான்னு."

பொய் சொன்ன பிறகு அவளுக்கு வாய் கசந்தது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது விழித்துக்கொண்டிருந்தது.

கொட்டகை வேலையை விட வீட்டு வேலையில்தான் கொழுந்தன் மிரண்டான். படுக்கைத் தட்டை எப்படி வைப்பது, இடுப்புக்குக் கீழே எப்படித் துடைப்பது என்று அவள் செய்து காட்டியபோது ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வானத்துல ஒண்ணும் எழுதியிருக்காது. இங்க பாரு. முழங்காலை மடக்கு, தோளைப் பிடி, உன் பக்கமா இழு. முதுகுல கை வச்சுத் தள்ளாதே, தோல் உரிஞ்சிடும்."

"டேய், மெதுவா. நான் ஒண்ணும் சிமெண்ட் மூட்டை இல்லை" என்றார் கணவர்.

"சிமெண்ட் மூட்டை வாயைத் திறக்காது அண்ணா" என்றான் தம்பி.

திருப்பும் நேரங்களை அவள் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள்.

புதன்கிழமை காலை, கொழுந்தன் தனியாகவே எல்லாம் செய்வது என்று ஏற்பாடு. சங்கத்துச் செயலாளரும் பார்க்க வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் கைத்தடியால் தட்டிப் பார்த்தே நம்புவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கைந்து பேர் குடத்தோடு வாசலில் நின்றார்கள். எல்லோரும் பார்க்கட்டும் என்று வண்டியை டாங்கியோடு வாசலில், மதில்சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தியிருந்தார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு கொட்டகைச் சுவரோரம் நின்றாள். அன்றைக்குக் குளிர் முந்தின நாட்களை விட அதிகம். ஆண்களின் மூச்சு மீசையில் உறைந்தது. கொழுந்தன் பயந்து விளக்கை இருபத்தைந்து நிமிஷம் எரிய விட்டான். குமிழ் மங்கலான சிவப்பைத் தாண்டிச் செக்கச்செவேலென்று நின்றது. அதிகம் என்று சொல்ல அவள் வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு எதுவும் சொல்வதில்லை என்றுதான் ஏற்பாடு.

மூன்றாவது ஆட்டத்திலேயே பற்றிக்கொண்டது. தொம். தொம். தொம். வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கொழுந்தன் ஸ்டியரிங்கை உருவி, தூக்கிக் காட்டி, பொருத்தி, ஏறி உட்கார்ந்தான்.

அவள் ஃப்ளைவீலைப் பார்த்தாள். மேல்விளிம்பு பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

செயலாளர் டாங்கிக்குப் பின்னால் நின்று தடியால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் மதில்சுவருக்கும் நடுவில் நாலடி. வாசலைப் பார்த்த படுக்கையறை ஜன்னலில், தலையணை மேல் சாய்த்து வைத்த கணவரின் முகம் தெரிந்தது. அவரும் பார்த்துவிட்டார். அவள் கண்ணைப் பார்த்து, தலையை மெல்ல, இல்லை என்பது போல அசைத்தார். அங்கிருந்து அவருக்கு டாங்கியின் பின்புறம் தெரியாது. அதை அவள் பிற்பாடு யோசித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

"கிளட்சை மிதி! பின்னாடி ஓடுது! வாத்தியாரே, விலகுங்க!"

ஆறு வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், வண்டியைப் பார்க்கவில்லை. கொழுந்தன் கிளட்சை அதற்குள் விட்டுவிட்டிருந்தான். மாமனார் ஒரு குதியில் பின்னால் வந்தார். செயலாளர் பக்கவாட்டில் பனிக்குவியலில் விழுந்தார். டாங்கி சுவரில் மோதியது, குழாய் வளைந்தது, தடி இரண்டாக முறிந்தது. கொழுந்தன் மறுபடி கிளட்சை மிதித்து, அப்படியே மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் முதலில் செயலாளரிடம் போனாள். மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள், விரல்களை மடக்கி நீட்டச் சொன்னாள், தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

"எலும்பு இல்லை, சுளுக்குதான். எழுந்திருங்க."

"அண்ணி, நான் முதல் கியர்தான் போட்டேன்" என்றான் கொழுந்தன். "சத்தியமா முதல் கியர். வண்டிதான் கோணல்."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

"இல்லை. அவன் மேல தப்பு இல்லை" என்றாள் அவள். "நான் சொல்லித் தரலை."

ஜன்னல் பக்கம் அவள் திரும்பவில்லை. "கியரை எடு. இறங்கி இங்க வந்து நில்லு" என்று கொழுந்தனைக் கூப்பிட்டாள். செயலாளரையும் கூப்பிட்டாள். குடத்தோடு நின்ற பெண்களையும் கூப்பிட்டாள். எல்லோரும் ஃப்ளைவீலைச் சுற்றி நின்றார்கள்.

"மேல்விளிம்பைப் பாருங்க. பின்னாடி போகுது. இப்படிப் போனா எல்லா கியரும் தலைகீழ். பாத்துக்கிட்டே இருங்க."

டீசல் கைப்பிடியை மெல்லத் தாழ்த்தினாள். தொம்... தொம்... தொம் என்று சத்தம் இழுத்தது. சக்கரம் தயங்கி, மேலே ஏற முடியாமல் பின்வாங்கித் தள்ளாடியது. அப்போது கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு இருமல். சக்கரம் மறுபக்கம் சுற்றத் தொடங்கியது.

செயலாளர் முறிந்த தடியின் மேல்பாதியை ஊன்றப் பார்த்து, அது எட்டாமல், கையில் வைத்துக்கொண்டார்.

"இது உங்களுக்கு எத்தனை வருஷமா தெரியும்?"

"ஆறு."

"மெக்கானிக் வந்தப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லவே இல்லையேம்மா."

"சொல்லியிருந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பீங்க. நாளைக்கு எனக்கு ஆபரேஷன். ஆறு வாரம் என்னால இதைத் தொட முடியாது. அதுக்கப்புறமும் தொடக்கூடாதுன்னு சொல்லலாம். வீட்டைப் பத்தி நீங்க என்ன வேணாலும் முடிவு பண்ணுங்க. என்ன ஆபரேஷன்னு கேக்காதீங்க."

பெண்களில் இரண்டு பேர் கேட்காமலே புரிந்துகொண்டு தரையைப் பார்த்தார்கள். செயலாளர் முறிந்த தடியைக் கக்கத்தில் இடுக்கினார். "கூட்டத்துல வச்சுப் பேசிக்கலாம்" என்றார். வைத்துப் பேசினால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கொழுந்தன் அன்றைக்கு அதற்கு மேல் மூன்று முறை நிறுத்தி, மூன்று முறை திருப்பிக் காட்டினான். மூன்றாவது முறை கையும் காதும் ஒத்துப்போயின.

வீட்டுக்குள் போனபோது கணவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் தானாகத் திருப்பிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான்.

"வித்துட்டே" என்றார். "இருபத்தஞ்சு வருஷம் நான் பொத்தி வச்சதை நடுவாசல்ல நின்னு வித்துட்டே."

"ஆள் நசுங்கியிருப்பாரு."

"நசுங்கலையே."

"நான் கத்தினேன், அதான் நசுங்கலை."

"இனிமே நான் யாரு இந்த வீட்டுல? தண்ணிக்காரங்க வீட்டுல கிடக்கற ஒரு கட்டை. நீ ஆறு வாரம் போயிடுவே. அவன் என்னைத் திருப்பிப் போடுவானாக்கும்?"

இதுதான் உள்ளே இருந்தது. வீடு என்று அவர் சொன்னதெல்லாம் இதற்கு மேலே போட்ட கம்பளி. படுத்துக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. யாராவது நம்மை விட்டுப் போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் ஒரு ஸ்டியரிங்காக இருந்தாலும் சரி. அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தால் புண் ஆறாது என்பதும் நினைவுக்கு வந்தது.

"திருப்பிப் போடுவான். தாள் ஒட்டியிருக்கு. வலது பக்கமா, இடது பக்கமா?"

"... வலது."

திருப்பிப் போட்டாள். சாயங்காலம் ஸ்டியரிங்கைக் கொழுந்தன் கொட்டகையிலேயே விட்டுவிட்டான். அவளும் எடுத்துவரவில்லை. ஆணியை யாரும் பேச்சுக்கு எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவள் வெறும் வயிற்றோடு எழுந்து, கணவருக்கு வாய் கழுவி, படுக்கைத் தட்டு வைத்து எடுத்து, முதுகில் பவுடர் போட்டு, தலைமாட்டில் போனை வைத்தாள். கொழுந்தன் சமையலறையில் வெந்நீர்க் கேனுக்குள் முழங்கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டைக் கையை மடிக்க மறந்து நனைத்துவிட்டிருந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். சரிவில் ஒவ்வொரு அடிக்கும் கீழே இழுத்தது. நிறுத்தத்தில் நின்றபோது கொட்டகைப் பக்கமிருந்து ஊதுவிளக்கின் உறுமல் மட்டும் கேட்டது. தொம் என்ற சத்தம் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். டிரைவர், "ஏறுங்கம்மா, குளிர் உள்ள வருது" என்றார். ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் உடை மாற்றி உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. கணவர்.

"மாமனார் எழுந்திருக்கலை. அவனால முடியலை. அத்தனை வீடும் காலிக் குடத்தோட நிக்குது. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடு. தேதி இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

அவள் எழுந்தே விட்டாள். செருப்பைக் காலால் தேடினாள். அப்போது அவர் குரலுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தொம், தொம், தொம் என்று சீராகக் கேட்டது.

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஓடற சத்தம் கேக்குது" என்றாள்.

இன்ஜின் மட்டும் பேசியது.

"எந்தப் பக்கம் சுத்துதாம்?"

அவர் குரலை இறக்கிச் சொன்னார். "முதல்ல பின்னாடி பிடிச்சிருக்கணும். சத்தம் இழுத்து, சாகப்போய், ஒரு இருமல் கேட்டுச்சு. திருப்பிட்டான்."

"உங்களைத் திருப்பினானா?"

"ஏழு மணிக்குத் திருப்பணும்னு தாள்ல இருக்கு. ஏழேகால் ஆயிடுச்சு."

"கூப்பிடுங்க. அவனுக்குக் காது இருக்கு. போனை அணைக்கச் சொல்றாங்க, வைக்கிறேன்."

யாரும் அணைக்கச் சொல்லியிருக்கவில்லை. அவளே அணைத்து, பைக்குள் போட்டு, பையை நர்ஸிடம் கொடுத்தாள். நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, பத்து நிமிஷம் படுத்திருங்கள், மறுபடி பார்க்கலாம் என்று திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

பத்து நிமிஷம் கழித்து வந்த நர்ஸ் அவள் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.